மேப் செய்த ஃபைலின் அளவை மாற்றுவது, ஃபைல் பாயின்டரை அசைக்காமல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை, மீனாட்சிபுரம், இந்தப் பக்கம் வாளையார் வரை, பால் சங்கத்துக்கும் எடை மேடைக்கும் சின்ன மென்பொருள் எழுதித் தருகிறவர்கள் ஊருக்கு ஒருவராவது இருக்கிறார்கள். சங்கத்தில் இருக்கும் கம்ப்யூட்டர் பழையது, பில் தமிழிலும் மலையாளத்திலும் அச்சாக வேண்டும், அதற்குப் போய் டேட்டாபேஸ் சர்வர் எதற்கு என்று ஃபைலையே மெமரியில் மேப் செய்து, அதாவது ஃபைலின் பைட்டுகளை மெமரி முகவரி வழியாகவே தொடும்படி இணைத்து, வேலையை முடித்துவிடுவார்கள். வேலை நன்றாகத்தான் நடக்கும். ஃபைல் நிரம்பி, அளவைக் கூட்ட வேண்டி வருகிற நாளில்தான் கேள்விகள் ஆரம்பிக்கும். அப்படி வந்தவை இவை. எல்லாவற்றுக்கும் ஒரே உதாரணம் வைத்துக்கொள்வோம்: ஒரு ஊற்றுக்கு, அதாவது ஒருவர் ஒரு வேளை ஊற்றும் பாலுக்கு, 64 பைட் ரெக்கார்டு. உறுப்பினர் எண், பெயர், லிட்டர், கொழுப்பு, எஸ்.என்.எஃப் (கொழுப்பு தவிர்த்த திடப்பொருள்), தொகை எல்லாம் அதற்குள் அடக்கம். ஃபைல் 65,536 பைட், அதாவது சரியாக 1,024 ரெக்கார்டு.

மேப் செய்துவிட்டால் மெமரியிலேயே படிக்கிறோம், எழுதுகிறோம். இதில் ஃபைல் பாயின்டருக்கு என்ன வேலை?

ஃபைல் பாயின்டர் என்பது அடுத்த ரீட் அல்லது ரைட் எந்த பைட்டில் தொடங்கும் என்ற குறி. மேப்புக்கு அதனால் ஒரு வேலையும் இல்லை. மேப் ஆன பகுதியில் எந்த இடத்தையும் முகவரி வைத்தே தொடலாம்; பாயின்டர் எங்கே நிற்கிறது என்று மேப் கேட்பதே கிடையாது. ஆனால் அதே ஃபைலை நிரலின் வேறொரு மூலை சாதாரண ரீட், ரைட் வழியாகவும் தொட்டுக்கொண்டிருக்கும். பில் அச்சடிக்கும் பகுதி முதல் ரெக்கார்டிலிருந்து வரிசையாகப் படித்துக்கொண்டே வரும். அதற்குப் பாயின்டர்தான் எல்லாம். ரீட், ரைட்டையே தொடாமல் முழுக்க முழுக்க மேப்பிலேயே ஓடுகிற நிரல் என்றால் இந்தப் பக்கத்தில் பாதி உங்களுக்குத் தேவையில்லை. சிக்பஸ் (மேப்பில் ஃபைல் இல்லாத இடத்தைத் தொட்டால் நிரலை நிறுத்தும் சிக்னல்) பற்றிய கேள்விக்கு நேராகப் போகலாம்.

அளவை மாற்றினால் பாயின்டர் ஏன் நகர வேண்டும் அண்ணா? இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இல்லை, இருக்கவும் கூடாது. விண்டோஸின் பழைய வழிதான் சம்பந்தப்படுத்தி வைத்திருக்கிறது. அதில் செட்எண்ட்ஆஃப்ஃபைல் என்ற அழைப்புக்கு அளவு என்று ஒரு எண்ணைத் தர இடமே கிடையாது. பாயின்டர் இப்போது எங்கே நிற்கிறதோ அதுதான் ஃபைலின் முடிவு என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே ஃபைலை 1,31,072 பைட் ஆக்க வேண்டுமென்றால், முதலில் செட்ஃபைல்பாயின்டர் கொண்டு பாயின்டரை 1,31,072-க்குத் தள்ள வேண்டும், அப்புறம் செட்எண்ட்ஆஃப்ஃபைல். வேலை முடிந்த பிறகும் பாயின்டர் அங்கேயேதான் நிற்கும்.

இதை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பில் அடிக்கும் திரெட் (நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை) 640 ரெக்கார்டு படித்துவிட்டது. 640-ஐ 64-ஆல் பெருக்கினால் 40,960. பாயின்டர் அங்கே நிற்கிறது. அந்த நேரத்தில் சாயந்தர ஊற்று ஆரம்பித்து, ஃபைல் நிறைந்து, இன்னொரு திரெட் அதே ஹேண்டில் (திறந்த ஃபைலுக்கு விண்டோஸ் தரும் அடையாளம்) வழியாக அளவை இரட்டிப்பாக்குகிறது. பாயின்டர் 1,31,072-க்குப் போய்விட்டது. பில் திரெட் அடுத்த ரெக்கார்டைக் கேட்கிறது. ரீட்ஃபைல் பிழை எதுவும் சொல்லாது. வெற்றி என்றுதான் திரும்பும், படித்தது 0 பைட் என்று மட்டும் சொல்லும். 0 பைட் என்றால் ஃபைல் முடிந்தது என்று அர்த்தம். ஆகவே பில் திரெட் மொத்தம் போட்டு, கோடு கிழித்து, அச்சடித்து முடித்துவிடும். மீதி 384 ரெக்கார்டு பில்லில் வராது. நிரல் விழாது, திரையில் ஒரு எச்சரிக்கையும் தெரியாது. மறுநாள் காலையில் கேனோடு வந்து நிற்கிற அக்கா, “என் பாலு எங்கே போச்சு?” என்று கேட்கும்போதுதான் தெரியும்.

பாயின்டர் பின்னால் நகர்ந்து நின்றிருந்தால் இதைவிட மோசம், ஒரே ஊற்றுக்கு இரண்டு பில்.

பாயின்டரைக் குறித்து வைத்துக்கொண்டு, அளவை மாற்றிவிட்டு, பழைய இடத்துக்கே திருப்பி வைத்துவிட்டால் போதாதா?

ஒரே திரெட் என்றால் போதும். பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள், ஓடவும் செய்கிறது. இரண்டு திரெட் என்றால் போதாது. குறித்துக்கொள்வதற்கும் திருப்பி வைப்பதற்கும் நடுவே மற்றவர் ஒரு ரெக்கார்டு படித்துவிட்டால், நீங்கள் திருப்பி வைப்பது ஒரு ரெக்கார்டு பழைய இடம். லாக் (ஒருவர் தொடும்போது மற்றவரை நிறுத்தி வைக்கும் பூட்டு) போட்டுக் காப்பாற்றலாம்தான். ஆனால் ஃபைலைத் தொடுகிற ஒவ்வொரு இடத்திலும் அந்த லாக் இருக்க வேண்டும், வெளியிலிருந்து எடுத்த லைப்ரரிக்குள்ளும். என் அபிப்பிராயம்: நகர்த்தித் திருப்பி வைப்பதைவிட, நகர்த்தவே தேவையில்லாத அழைப்பைத் தேடுவது மேல். கணக்கு நோட்டில் கடைசியில் தாள் ஒட்ட, நடுவில் வைத்த விரலை எடுக்க வேண்டியதில்லை.

சரி, விண்டோஸில் அந்த நகர்த்தாத அழைப்பு எது?

இரண்டு இருக்கின்றன.

பெரிதாக்க மட்டும் என்றால் கிரியேட்ஃபைல்மேப்பிங் ஒன்றே போதும். ஃபைலின் இப்போதைய அளவைவிடப் பெரிய எண்ணை அதற்குக் கொடுத்தால், எழுதும் அனுமதியோடு கேட்டிருக்கும் பட்சத்தில், ஃபைலைத் தானே அந்த அளவுக்கு நீட்டிவிடும். பாயின்டர் இருந்த இடத்திலேயே இருக்கும். ஒன்று கவனம்: நீட்டிய புதுப் பகுதியில் பூஜ்யம்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எத்தனை ரெக்கார்டு செல்லுபடியாகும் என்ற எண்ணிக்கையை ஃபைலின் தலைப்பகுதியில் தனியாக வையுங்கள். ரெக்கார்டு முழுதாக எழுதிய பிறகே அந்த எண்ணைக் கூட்டுங்கள்.

சுருக்கவும் வேண்டுமென்றால் செட்ஃபைல்இன்ஃபர்மேஷன்பைஹேண்டில். அதற்கு ஃபைல்எண்ட்ஆஃப்ஃபைல்இன்ஃபோ என்ற வகையைச் சொல்லி, புது அளவை நேராக எண்ணாகவே கொடுக்கலாம். பாயின்டரைப் பற்றிப் பேச்சே இல்லை. விஸ்டா காலத்திலிருந்து இருக்கிறது. எக்ஸ்பி ஓடிய நாட்களில் எழுதிய நிரல்களில்தான் பழைய இரண்டு வரி முறை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சங்கத்து கம்ப்யூட்டர் எவ்வளவு பழசானாலும் இப்போது எக்ஸ்பி இருக்காது என்று நம்புவோம்.

சுருக்கப் போனால் 1224 என்று பிழை வருகிறதே?

அந்த ஃபைலின் மேல் ஒரு மேப் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். எல்லா வியூவையும் (மெமரியில் தெரியும் மேப் பகுதிகளை) அன்மேப்வியூஆஃப்ஃபைல் கொண்டு விடுவித்து, மேப்பிங் ஹேண்டிலையும் மூடிய பிறகுதான் விண்டோஸ் ஃபைலைச் சுருக்க விடும். வரிசை இப்படி: விடுவி, மூடு, அளவை மாற்று, மறுபடி மேப்பிங், மறுபடி வியூ. எல்லாம் மூடிவிட்டேன், ஆனாலும் 1224 என்றால் வேறொரு ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு நிரல்) பிடித்து வைத்திருக்கிறது. ரிப்போர்ட் எடுக்கிற நிரலை மூலையில் சுருக்கி வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள், அதை முதலில் பாருங்கள்.

லினக்ஸிலும் இதே தொல்லை உண்டா?

கிடையாது. எஃப்ட்ரன்கேட் அளவை நேராக எண்ணாக வாங்கிக்கொள்ளும். பாயின்டரைத் தொடக்கூடாது என்று பாசிக்ஸ் (யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பொது விதி) தரத்திலேயே எழுதியிருக்கிறது. அதற்கப்புறம் எம்ரீமேப் கொண்டு மேப்பை நீட்டிக்கொள்ளலாம். எம்ரீமேப் பாசிக்ஸ் தரத்தில் இல்லை, மேக்கில் கிடையாது. அங்கே பழைய மேப்பை விட்டுவிட்டுப் புதிதாக எம்மேப் செய்ய வேண்டியதுதான்.

லினக்ஸில் தொல்லை வருவது பழைய பாடப் பழக்கத்தால்: எல்சீக் கொண்டு புது முடிவுக்கு ஒரு பைட் முன்னால் போய், ஒரே ஒரு பைட் எழுதி ஃபைலை நீட்டுவது. நீளும்தான், பாயின்டரும் கூடவே போய்விடும். அந்த வழியை மறந்துவிடலாம்.

நான் டப் போட்டுத் தனி டிஸ்கிரிப்டர் வைத்திருக்கிறேன். அப்படியும் பாயின்டர் நகர்கிறது. எப்படி?

இதில் விழாதவர் குறைவு. டிஸ்கிரிப்டர் என்பது திறந்த ஃபைலுக்கு லினக்ஸ் தரும் எண், டப் அதை நகலெடுக்கும் அழைப்பு. டப் போட்டால் எண்தான் இரண்டு; உள்ளே கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) வைத்திருக்கும் திறந்த ஃபைல் ஒன்றே, அதோடு ஒட்டிய பாயின்டரும் ஒன்றே. ஒன்றை நகர்த்தினால் மற்றதும் நகரும். ஃபோர்க் செய்து (ப்ராசஸையே நகலெடுத்து) பிறந்த ப்ராசஸுக்கும் இப்படித்தான். விண்டோஸில் டூப்ளிகேட்ஹேண்டில் செய்தாலும் கதை இதே.

தனிப் பாயின்டர் வேண்டுமென்றால் ஃபைலின் பெயரைச் சொல்லி மறுபடியும் திறக்க வேண்டும். அப்போது கெர்னல் புதிதாக ஒரு பதிவு போடும், பாயின்டர் 0-வில் தொடங்கும், யாருடைய பாயின்டரோடும் சேராது. மேப்புக்கும் அளவு மாற்றத்துக்கும் என்று இப்படி ஒரு தனித் திறப்பு வைத்துக்கொள்வது எனக்குப் பிடித்த முறை. அதில் செட்எண்ட்ஆஃப்ஃபைல் முறையையே வைத்து நீட்டினாலும் பில் திரெட்டுக்கு ஒன்றும் ஆகாது. விண்டோஸில் முதல் திறப்பின்போதே படிக்கவும் எழுதவும் பகிர்வு அனுமதி கொடுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாவது திறப்பு மறுக்கப்படும்.

லினக்ஸில் இதற்கு ஒரு பின்விளைவு உண்டு. எஃப்கன்ட்ரோல் வழியாகப் போடும் பழைய ரெக்கார்டு லாக்குகள் ப்ராசஸுக்கு உரியவை, டிஸ்கிரிப்டருக்கு அல்ல. அதே ஃபைலுக்கு அந்த ப்ராசஸ் வைத்திருக்கும் எந்த டிஸ்கிரிப்டரை மூடினாலும், அந்த ஃபைல் மேல் போட்ட எல்லா லாக்கும் சேர்ந்தே போய்விடும். ஆகவே இரண்டாவது திறப்பை, அளவு மாற்றி முடிந்ததும் மூடிவிடாமல், நிரல் முடியும் வரை திறந்தே வையுங்கள்.

படிக்கும் பக்கத்தையே பாயின்டர் இல்லாமல் மாற்றிவிட முடியாதா?

முடியும், முடிந்தால் அதுதான் நல்லது. லினக்ஸில் பீரீட், பீரைட் இரண்டும் எங்கே படிக்க, எங்கே எழுத என்று இடத்தையும் சேர்த்தே வாங்கிக்கொள்ளும், பாயின்டர் அசையாது. விண்டோஸில் ரீட்ஃபைலுக்கு ஓவர்லாப்டு அமைப்பில் இடத்தைக் கொடுக்கலாம். ஆனால் சாதாரணமாகத் திறந்த ஹேண்டிலில் அப்படிப் படித்தாலும் படித்து முடித்ததும் பாயின்டர் நகர்த்தப்படும். எல்லா இடத்திலும் இடம் சொல்லியே படித்தால் பிரச்சினை இல்லை. பாதி இப்படி, பாதி அப்படி என்றால் மறுபடி முதல் கேள்விக்கே வந்துவிடுவீர்கள்.

பைத்தானில் ரீசைஸ் என்று ஒரே வரிதானே? அதற்கும் இவ்வளவு யோசிக்க வேண்டுமா?

ஒரே வரிதான், உள்ளே நடப்பது மேலே சொன்னவைதான். லினக்ஸில் எஃப்ட்ரன்கேட், எம்ரீமேப். எம்ரீமேப் இல்லாத கணினியில் ரீசைஸ் வேலை செய்யாது. விண்டோஸில் பைத்தானின் சி மூலநிரல் ஹேண்டிலை நகலெடுத்து, அதன்மேல் பாயின்டரை நகர்த்தி முடிவை வைக்கும் பழைய முறையிலேயே நெடுநாள் இருந்தது. நகலெடுத்த ஹேண்டிலின் பாயின்டர் உங்கள் ஃபைல் ஆப்ஜெக்டின் பாயின்டரேதான். எனவே விண்டோஸில் ரீசைஸுக்குப் பிறகு, பழைய ஃபைல் ஆப்ஜெக்ட் வழியாகப் படிக்குமுன் சீக் செய்து பாயின்டரை வேண்டிய இடத்தில் வைத்துக்கொள்வதை வழக்கமாக்குங்கள்.

குழப்பும் இன்னொன்று: பைத்தானில் மேப் ஆப்ஜெக்டுக்கும் சொந்தமாக ஒரு டெல், சீக் உண்டு. அது மேப்புக்குள் மட்டும் செல்லும். ஃபைலின் பாயின்டர் வேறு. இரண்டையும் அச்சிட்டுப் பார்த்தால் இரண்டு எண் வரும், இரண்டும் சரிதான். இதற்கு மேலே பஃபர் வேறு இருக்கிறது: ஃபைல் ஆப்ஜெக்ட் முன்கூட்டியே கொஞ்சம் படித்து வைத்திருக்கும். எழுதியது ஏதாவது பஃபரில் நின்றிருந்தால், மேப் செய்யுமுன் ஃப்ளஷ்.

மெமரிவியூ (மேப்பை நகலெடுக்காமல் நேராகக் காட்டும் பைத்தான் ஆப்ஜெக்ட்) எடுத்து வைத்திருந்தால் ரீசைஸ் பஃபர்எரர் தரும். அதை விடுவித்துவிட்டுத்தான் அளவை மாற்ற முடியும். படிக்க மட்டும் திறந்த மேப் என்றால் டைப்எரர். 3.11 முதல் விண்டோஸில், அதே ஃபைலின் மேல் இன்னொரு மேப் இருந்தால் ரீசைஸ் ஒழுங்காகத் தோல்வி சொல்லும். 3.13-இல் வந்த டிராக்எஃப்டி என்பதைப் பொய் என்று வைத்து மேப் செய்தால் டிஸ்கிரிப்டர் மிச்சம், ஆனால் ரீசைஸ் கிடைக்காது.

ஜாவா?

சேனலிலிருந்து மேப் செய்தால் சேனலின் இடம் மாறாது. ரேண்டம்ஆக்செஸ்ஃபைலில் செட்லெங்த் கொண்டு நீட்டினாலும் மாறாது. சுருக்கும்போது பாயின்டர் புது முடிவுக்கு வெளியே இருந்தால் மட்டும் முடிவுக்கு இழுத்து வைக்கும். பழைய மேப்பை நீங்களாக விடுவிக்க வழி இல்லாமல் குப்பை சேகரிப்புக்குக் காத்திருப்பதுதான் பெரிய தலைவலி, விண்டோஸில் 1224-க்கு அதுவே காரணம். ஜாவா 22-இல் நிலைபெற்ற அரீனா (மெமரியை எப்போது விடுவிப்பது என்று நிர்வகிக்கும் ஆப்ஜெக்ட்) வழியாக மேப் செய்தால் மூடுகிற நேரம் உங்கள் கையில்.

ஃபைலைச் சுருக்கிய பிறகு பாயின்டர் முடிவுக்கு அப்பால் நின்றால்?

லினக்ஸிலும் விண்டோஸிலும் அது பிழை அல்ல. படித்தால் 0 பைட். எழுதினால்தான் வினை: ஃபைல் மறுபடி அங்கே வரை நீண்டு, நடுவில் பூஜ்யங்களால் ஒரு பள்ளம் விழும். பாயின்டரை அசைக்காமல் அளவை மாற்றுவது என்றால் இந்த நிலையும் உங்கள் பொறுப்பில் வந்துவிடுகிறது. சுருக்கும் இடத்தில் மட்டும், படிக்கிற பகுதிக்குச் சொல்லிவிட்டுச் சுருக்குங்கள்.

சிக்பஸ் என்று சொல்லி நிரல் செத்துவிடுகிறது. அளவைச் சரியாகத்தானே கொடுத்தேன்?

மேப்பின் அளவும் ஃபைலின் அளவும் வேறு வேறு. ஃபைல் 5,000 பைட், பக்க அளவு 4,096 என்றால் இரண்டு பக்கம், 8,192 பைட் வரை தொடலாம். 5,000-க்கு மேல் படித்தால் பூஜ்யம் வரும். எழுதினால் எழுதிய மாதிரி இருக்கும், ஃபைலுக்குப் போகாது. 8,192-ஐத் தாண்டித் தொட்டால் சிக்பஸ். முதலில் மேப்பை நீட்டிவிட்டு ஃபைலை அப்புறம் நீட்டலாம் என்று எழுதினால் நடுவில் இது வரும். வரிசை: பெரிதாக்கும்போது ஃபைல் முதலில், மேப் அப்புறம், சுருக்கும்போது மேப் முதலில், ஃபைல் அப்புறம்.

இன்னொரு ப்ராசஸ் ஃபைலைச் சுருக்கிவிட்டாலும் நம் பக்கம் சிக்பஸ் வரும். டிஸ்க் நிரம்பியிருந்தாலும் வரும்: எஃப்ட்ரன்கேட் நீட்டியது வெறும் வெற்றிடம், உண்மையில் எழுதும்போதுதான் இடம் தேடும், கிடைக்காவிட்டால் அடி. இதற்குத்தான் பாசிக்ஸ்ஃபாலோகேட், இடத்தை முன்கூட்டியே ஒதுக்கும், இல்லையென்றால் அப்போதே இல்லை என்று சொல்லும், பாயின்டரையும் தொடாது.

நீட்டிய பிறகு பழைய முகவரியில் படித்தால் குப்பை வருகிறது.

எம்ரீமேப்புக்கு இடம் மாற அனுமதி கொடுத்திருந்தால் மேப் வேறு முகவரிக்குப் போயிருக்கும். விண்டோஸில் மறுபடி வியூ எடுத்தாலும் அப்படித்தான். மேப்புக்குள் சுட்டும் முகவரிகளைச் சேமித்து வைக்காதீர்கள். ரெக்கார்டு எண்ணை மட்டும் வையுங்கள், தேவைப்படும்போது 64-ஆல் பெருக்கி அடிமுகவரியோடு கூட்டுங்கள்.

பெயருக்கு 24 பைட் ஒதுக்கினேன், பெயர் பாதியில் வெட்டுப்படுகிறது. இது அளவு மாற்றத்தால் வந்ததா?

இல்லை, ஆனால் அளவு மாற்றத்துக்குக் கொண்டுபோய் விடும். யூடிஎஃப்-8-இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட், மலையாளத்துக்கும் 3. மீனாட்சி என்ற பெயரில் ம, ஈகாரக் குறி, ன, ஆகாரக் குறி, ட, புள்ளி, ச, இகரக் குறி என்று 8 குறி. பெருக்கினால் சரியாக 24. மீனாட்சி தப்பித்தார். மீனாட்சியம்மாள் மாட்டிக்கொண்டார். ரெக்கார்டை 128 பைட் ஆக்கினால் ஃபைல் முழுவதையும் மாற்றி எழுத வேண்டும். அதை மேப்பை நீட்டி அதே ஃபைலில் செய்யாதீர்கள். புது ஃபைலில் எழுதி முடித்து, பெயர் மாற்றுங்கள்.

ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் 64 பைட் நீட்டலாமா, மொத்தமாக நீட்டலாமா?

ஒவ்வொன்றாக வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு முறையும் மேப்பைப் பிரித்துக் கட்ட வேண்டும். விண்டோஸில் வியூ தொடங்கும் இடம் 65,536-இன் மடங்காக இருக்க வேண்டும், அதனால் அந்த அளவுப் படிகளில் ஏறுவது வசதி.

ஆனால் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். 200 பேர் இரு வேளை ஊற்றும் சங்கம் என்றால் நாளுக்கு 400 ரெக்கார்டு, 25,600 பைட். 365 நாளுக்கு 93,44,000 பைட். ஒரு போன் போட்டோ இரண்டு மூன்றின் அளவு. ஏப்ரல் 1 அன்று 1,67,77,216 பைட்டாக ஃபைலை ஒரேயடியாக ஒதுக்கிவிடுங்கள், மார்ச் 31 கணக்கு முடித்த பிறகு, மேப் எல்லாம் மூடிவிட்டு, உண்மை அளவுக்குச் சுருக்குங்கள். வருடம் முழுக்க அளவு மாற்றமே இல்லையென்றால் பாயின்டரை யார் அசைக்கப்போகிறார்கள்? 32 பிட் நிரலுக்குக்கூட 16 எம்பி ஒரு பொருட்டல்ல.

எடவப்பாதி மழைக்குக் கரண்ட் போய்ப் போய் வருகிறது. புதிதாக நீட்டிய பகுதி காணாமல் போகுமா?

போகலாம். மேப்பில் எழுதியது உடனே டிஸ்குக்குப் போவதில்லை. நிரல் மட்டும் செத்தால் கெர்னல் எழுதிவிடும். கரண்டே போனால் கெர்னலும் சேர்ந்து போச்சு. டிஸ்குக்கு எழுத வைக்க லினக்ஸில் எம்சிங்க் அழைக்க வேண்டும். அளவு மாறியிருந்தால் எஃப்சிங்கும் சேர்த்து. விண்டோஸில் ஃப்ளஷ்வியூஆஃப்ஃபைல் மட்டும் பத்தாது, ஃப்ளஷ்ஃபைல்பஃபர்ஸையும் தொடர்ந்து அழைக்க வேண்டும். ஒவ்வொரு ஊற்றுக்கும் வேண்டாம், நிரல் நடக்காது. பத்து இருபது ஊற்றுக்கு ஒருமுறை போதும், ஷிஃப்ட் முடியும்போது கட்டாயம். யூபிஎஸ் பேட்டரியையும் பாருங்கள்.

ஃபைலை ஷேர் ஃபோல்டரில் வைத்து இரண்டு கம்ப்யூட்டரிலிருந்து மேப் செய்யலாமா?

கூடாது. ஒரு கம்ப்யூட்டரில் மேப் வழியாக எழுதியது அடுத்ததில் எப்போது தெரியும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இரண்டு இடத்தில் பால் எடுத்தால் இரண்டு ஃபைல் வையுங்கள், ராத்திரி ஒன்றாகச் சேருங்கள்.